இரண்டாவது கோல் எங்கே?

அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டில் செய்தித்தாளை யாரும் மடித்து வைக்கவில்லை. ஒளித்து வைத்தோம்.

முதலில் நான் அதைச் சோபா மெத்தைக்கு அடியில் வைத்தேன். என் மனைவி அதைக் கண்டுபிடித்துப் படித்துவிட்டு, மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். ஆனால் யார் கண்ணில் படக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டோமோ, அவன் தெருமுனைக் கடையில் தனியாக ஒன்று வாங்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

அவன் என் கடைசித் தம்பி. எங்கள் நகரக் கால்பந்து அணியில் முன்வரிசை ஆட்டக்காரன். வீட்டில் அவன் சின்னவன். பத்திரிகைகளில் அவன் முரடன்.

விளையாட்டுப் பக்கத்தில் பாதியை அந்தத் தலைப்பே அடைத்துக்கொண்டிருந்தது: ‘தோழர்களை விட்டு ஓடிய முரடன்.’

ஞாயிற்றுக்கிழமை நடந்தது அரையிறுதி ஆட்டம். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பயிற்சியாளர் சின்னவனை வெளியே அழைத்து, வேறொருவரை இறக்கினார். சின்னவன் கோபத்தில் தண்ணீர் பாட்டில் பெட்டியை எட்டி உதைத்தான். அணி ஜெயிக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், யாருக்கும் கை கொடுக்காமல் போய்விட்டான். செய்தி அப்படித்தான் சொன்னது.

“உதைச்சியா?” என்று கேட்டேன்.

“உதைச்சேன்.”

“ஓடிப்போனியா?”

“முகம் கழுவப் போனேன் அண்ணா. அஞ்சே நிமிஷம். திரும்பி வந்து கடைசி வரைக்கும் கோட்டோரமா நின்னேன். எல்லாருக்கும் கை கொடுத்தேன். எதிரணி கோல்கீப்பர் அழுதுட்டிருந்தான், அவன்கிட்டயும் போனேன். அதைப் பத்தி ஒரு வரி எழுதினாரா அந்தக் கண்ணாடிக்காரர்?”

கண்ணாடிக்காரர் என்பது செய்தி எழுதிய நிருபர். அவருக்கும் சின்னவனுக்கும் பழைய பகை. இரண்டு வருடங்களுக்கு முன், அணி தோற்றுப்போன ஒரு நாளில், அவர் சின்னவனின் மூக்கு வரைக்கும் ரெக்கார்டரை நீட்டி, “தோல்விக்கு நீங்கதானே காரணம்?” என்று கேட்டார். சின்னவன் ரெக்கார்டரை வாங்கி, அவருடைய தேநீர்க் கோப்பைக்குள் போட்டுவிட்டான்.

அது தவறுதான். மூத்தவன் என்ற முறையில் அன்றே அவனிடம் சொன்னேன். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவன் எந்த நிருபரிடமும் வாய் திறப்பதில்லை. அவர்களும் அவனைப் பற்றி நல்லதாக ஓர் எழுத்து எழுதுவதில்லை.

எட்டு மணிக்குப் பயிற்சியாளரிடமிருந்து போன் வந்தது. அவர் மைதானத்தில் கத்திக் கத்திப் பழகியவர். போனைக் காதில் வைத்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

“வெள்ளிக்கிழமை நிருபர்களைச் சந்திக்கணும். நீ மேடையில உக்காந்து பதில் சொல்லு. வரலேன்னா, ஞாயித்துக்கிழமை இறுதி ஆட்டத்துல நீ இல்ல. அவ்வளவுதான்.”

சின்னவன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

“அந்த ஆள் முன்னாடி நான் உக்கார மாட்டேன்” என்றான். சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. எட்டு வருடமாக அவன் ஓர் இறுதி ஆட்டத்துக்காகக் காத்திருக்கிறான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் முப்பது வருடம் ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவன். என் நிலையத்தில் ரயில்கள் தாமதமானதுண்டு. எங்கள் குடும்பத்தின் பெயர் மட்டும் ஒரு புகாரிலும் ஏறியதில்லை. நான் எழுந்து நின்றேன்.

“இன்னையிலேர்ந்து இந்த வீட்ல யாரும் எந்தப் பத்திரிகைக்காரர்கிட்டயும் பேசக் கூடாது. பேச வேண்டியதை நான் எழுதிக்கறேன்.”

எழுதினேன். நான்கு பக்கம். ‘மானம்’ என்ற சொல் அதில் ஒன்பது முறை வந்தது.

இதற்கிடையில் பட்டாணி தரையில் குப்புறப் படுத்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். பட்டாணி என் நடுத்தம்பியின் மகள். பத்து வயது. ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பதால் அந்தப் பெயர். பள்ளியில் சுவர்ப் பத்திரிகைக்கு அவள்தான் ஆசிரியர். அதனால் எந்தப் பத்திரிகையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரை படிப்பாள். ‘காணவில்லை’ விளம்பரத்தைக்கூட விட மாட்டாள்.

“பெரியப்பா, ரெண்டாவது கோல் எங்க?”

“என்ன கோல்?”

“நாம ரெண்டு கோல் போட்டுதானே ஜெயிச்சோம்? நானும் பெரியம்மாவும் அங்கதானே இருந்தோம். இதுல ஒண்ணுக்குப் பூஜ்யம்னு போட்டிருக்கு.”

நான் வாங்கிப் பார்த்தேன். ஆமாம். ஒன்றுக்குப் பூஜ்யம். நானும் என் மனைவியும் சின்னவனும் ஆளுக்கு மூன்று முறை அந்தச் செய்தியைப் படித்திருந்தோம். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நாங்கள் கோபத்தோடு படித்தோம். அவள் வரிசையாகப் படித்தாள்.

“பாத்தியா, கோலைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியல” என்றான் சின்னவன்.

“இல்ல சித்தப்பா. அவர் எழுதும்போது ரெண்டாவது கோல் விழுந்திருக்கவே இல்ல. ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே எழுதிட்டாரு.”

“யாராவது அப்படி எழுதுவாங்களா?”

பட்டாணி காதைச் சொறிந்தாள். “நான் எழுதினேன்.”

போன மாதம் பள்ளியில் கயிறு இழுக்கும் போட்டி. சுவர்ப் பத்திரிகைப் பலகையின் கண்ணாடிக் கதவை ஆசிரியை சரியாக நான்கு மணிக்குப் பூட்டிவிடுவார். மணி மூன்று ஐம்பத்தைந்து. நீல அணி இழுத்துக்கொண்டே இருந்தது. ‘நீல அணி வென்றது’ என்று எழுதி ஒட்டிவிட்டு வந்து பார்த்தால், சிவப்பு அணி குதித்துக்கொண்டிருக்கிறது.

“சிவப்பு அணித் தலைவி ஒரு வாரம் எங்கிட்டப் பேசல. நான் வேணும்னே பண்ணேன்னு நினைச்சா. நான் பொய் சொல்லல, சித்தப்பா. மணி நாலாயிடுச்சு.”

ரயில் நேரம் பார்த்தே தலை நரைத்தவன் நான். பென்சிலை எடுத்தேன். ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம், மழையால் ஏழே காலுக்குத் தொடங்கியது. முதல் பாதி, இடைவேளை, இரண்டாம் பாதி என்று கூட்டினேன். சின்னவன் வெளியே வந்தது எட்டு ஐம்பது. இரண்டாவது கோல், கடைசியில் கூட்டிக் கொடுத்த நிமிடங்களில், ஒன்பது இரண்டு.

பென்சிலைக் கீழே வைத்தேன். மழை மட்டும் இல்லையென்றால் ஆட்டம் எட்டு மணிக்கு முன்பே முடிந்திருக்கும்.

“இருந்தாலும்” என்றேன், “தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதலாமா? என் கடிதம் போகத்தான் போகுது.”

“நானும் ஒண்ணு எழுதறேன் பெரியப்பா. ஒரே உறையில வெச்சிடலாம்.”

வீட்டுக்காக அவளும் நாலு வார்த்தை கேட்கட்டும் என்று சம்மதித்தேன். மறுநாள் பள்ளி விட்டு வந்ததும், உறையோடு வந்து நின்றாள்.

“ஒட்ட மாட்டேங்குது. உங்களுது ரொம்பத் தடிமனா இருக்கு. ஏதாவது ஒண்ணை எடுக்கணும்.”

அவள் எழுதியதை வாங்கிப் படித்தேன்.

‘ஐயா, உங்கள் செய்தியை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது கோல் அதில் இல்லை. மழையால் உங்களுக்கு நேரம் போதவில்லை என்று நினைக்கிறேன். எனக்கும் ஒரு முறை அப்படி ஆனது. என் சித்தப்பா பெட்டியை உதைத்தது உண்மை. அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பெட்டியை உதைத்த பிறகு என்ன செய்தீர்கள்?’

அதில் ‘மானம்’ என்ற சொல் ஒரு முறைகூட இல்லை. ஆனால் எங்கள் மானத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

என் நான்கு பக்கத்தையும் உருவி, மேசை இழுப்பறையில் போட்டேன். பிறகு இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

“தபால்ல போட்டா எப்போ போய்ச் சேருமோ. வா, நேர்லயே குடுத்துடலாம். ஆனா நான் பேச மாட்டேன். நீ பேசு.”

“யாரும் பேசக் கூடாதுன்னீங்களே?”

“நட.”

பத்திரிகை அலுவலகம் ஒரு குறுகலான கட்டடம். படிக்கட்டெல்லாம் பழைய செய்தித்தாள் கட்டுகள். முதல் மாடியில், ஜன்னலோர மேசையில், கண்ணாடிக்காரர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது.

பட்டாணி கடிதத்தை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் உட்கார்ந்துவிட்டார்.

“எட்டு அம்பத்தஞ்சுக்கு அனுப்பினேன்மா. ஒன்பது மணிக்குப் பக்கத்தை அச்சுக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. உங்க பகுதிக்கு வர்ற வண்டிதான் முதல்ல கிளம்பும்.”

“அப்போ ரெண்டாவது கோல்?”

“அடுத்த பதிப்புல சேர்த்தேன். கோல் கணக்கை மட்டும் மாத்தினேன். மத்ததைத் திரும்பப் படிக்கல. கணினியை மூடிட்டு நிமிர்ந்தா, மைதானத்துல ஒருத்தரும் இல்ல.”

“எங்க சித்தப்பாவை முரடன்னு போட்டீங்களே?”

“தலைப்பு நான் வைக்கறதில்ல. அது மேல் மாடியில இருக்கறவர் வேலை.”

பட்டாணி கூரையை அண்ணாந்து பார்த்தாள். அவரும் பார்த்தார்.

“ஆனா, அவர் போனதைப் பாத்தேன்” என்றார் மெதுவாக. “திரும்பி வருவாருன்னு எனக்குத் தோணவே இல்ல. வேற யாராவது போயிருந்தா, காத்திருந்து பாத்திருப்பேன். அது என் தப்பு.”

இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பழைய ரெக்கார்டர். ஓரமெல்லாம் பழுப்புக் கறை.

“சர்க்கரை போட்ட தேநீர். ஒரு மாசம் இதுலேர்ந்து எறும்பு வந்துச்சு. அதுக்கப்புறம் நான் பேட்டியெல்லாம் கையாலதான் குறிச்சுக்கறேன்.” என் பக்கம் திரும்பினார். “ஐயா ஏதாவது சொல்லணுமா?”

“நான் பேசறதா இல்ல” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. பேசிவிட்டேன்.

வியாழக்கிழமை பத்திரிகையில் ஒரு திருத்தம் வந்தது: அந்தச் செய்தி ஆட்டம் முடியும் முன்பே எழுதப்பட்டது என்று. பதினோராம் பக்கத்தில், ஒரு தபால்தலை அளவுக்கு.

“திட்டினது அரைப் பக்கம், திருத்தம் இத்தனூண்டா?” என்று குதித்தேன்.

“நானும் சின்னதாத்தான் ஒட்டினேன் பெரியப்பா. ஆனா சிவப்பு அணி மொத்தமும் வந்து படிச்சது.”

சின்னவன் அந்தத் தபால்தலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டாணி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“சித்தப்பா, நாளைக்கு ஒரு கேள்வி வரும். பதில் உனக்கே தெரியும். போவியா?”

“அவரைப் பாத்தாலே எனக்குக் காது சூடாகுது, பட்டாணி.”

“அவருக்கும் உன்னைப் பாத்தா எறும்பு ஞாபகம் வருமே. அவரும்தான் வர்றாரு.”

“என்ன எறும்பு?”

அவள் சொன்னாள். சின்னவன் முதலில் சிரித்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். அன்று சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனவன், எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் பட்டாணியும் அந்த நீள அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முன்னால் ஒரு மேசை, மூன்று நாற்காலி. பயிற்சியாளர் வந்தார். அணித் தலைவர் வந்தார். மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பட்டாணி என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. சின்னவன் வந்து உட்கார்ந்தான்.

நிருபர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். மற்ற கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

“பெட்டியை உதைச்ச பிறகு என்ன செஞ்சீங்க?”

சின்னவன் ஒரு நிமிடம் கடைசி வரிசையைப் பார்த்தான்.

“முதல்ல நொண்டினேன்” என்றான். “பெட்டி நிறையத் தண்ணி இருந்துச்சு. கட்டைவிரல் இன்னும் வலிக்குது.”

அறை சிரித்தது. பயிற்சியாளர் சிரிப்பை அடக்கி இருமினார்.

“கோபம் என்மேலதான். ரெண்டு நல்ல வாய்ப்பை விட்டுட்டேன். முகத்தைக் கழுவிட்டுத் திரும்பி வந்தேன். என் இடத்துல இறங்கின தம்பிதான் ரெண்டாவது கோலைப் போட்டான். முதல்ல அவனுக்குத்தான் கை கொடுத்தேன். பெட்டியை உதைச்சது தப்பு.” சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, மேசையின் ஓரத்துக்குத் தள்ளினான். “இது உங்களுக்கு, சார். அன்னைக்குச் செஞ்சதும் தப்பு. ரெண்டு வருஷம் கழிச்சுச் சொல்றேன்.”

கண்ணாடிக்காரர் பெட்டியைத் திறந்தார். உள்ளே புது ரெக்கார்டர். அவர் அதை மேசைமேல் வைத்து, முடுக்கிவிட்டார். பிறகு பக்கத்தில் இருந்த தேநீர்க் கோப்பையை எடுத்து, பத்திரமாகத் தூரத்தில் வைத்தார்.

இந்த முறை சின்னவன்தான் உரக்கச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஆடினான். முழு ஆட்டமும் ஆடினான். எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன், ஒன்றுக்கு ஒன்று, பிறகு பெனால்டியில் ஜெயித்தோம். அவன் அடித்த பந்து மட்டும் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தண்ணீர்ப் பெட்டிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

திங்கட்கிழமை செய்தித்தாள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. முப்பது வருடத்தில் தாமதமான எதற்கும் நான் அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்ததில்லை. வாசலிலேயே வாங்கி, பிரிக்காமல் பட்டாணியிடம் கொடுத்தேன்.

“நீ படி. வரிசையா.”

அவள் அப்போது வேறு வேலையில் இருந்தாள். இழுப்பறையிலிருந்த என் நான்கு பக்கக் கடிதத்தைத் திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில், சுவர்ப் பத்திரிகைக்கு இறுதி ஆட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஒரு நிமிஷம் பெரியப்பா” என்றாள். “கடைசி வரி மட்டும் பாக்கி. ஆட்டம் முடியட்டும்னு காத்திருந்து எழுதறேன்ல.”