ஹாதோரி பட்டறையில் உடைந்த கிண்ணம்

பொதுக் குளியல்கூடத்தின் கொதிகலனுக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த தொமேகோவின் முன்னால் சகியே வந்து நின்றாள். கையில் ஒரு தேநீர்க் கிண்ணம். அழுது வீங்கிய முகம்.

"அக்கா, ஹாதோரி வாத்தியாரு என்னை வெளிய போகச் சொல்லிட்டாரு. அவரு கிண்ணத்தை நான் உடைச்சிட்டேனாம்!"

தொமேகோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலைமேல் ஹாதோரியின் பட்டறையில் ராக்கு என்னும் புகையூட்டிய தேநீர்க் கிண்ணம் சுடக் கற்றுக்கொண்டிருந்தவள் சகியே. கைதவறி உடைக்கிறவள் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு சூளைக்காரரும் அவளைச் சேர்க்கமாட்டார். தொமேகோ அவளை மாடியில் குடியிருந்த உகாஜினிடம் இழுத்துப் போனாள். ரயில்வே போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆரஞ்சுப் பழத்தைக்கூட அவசரமில்லாமல் உரிப்பவர்.

"வரிசையா சொல்லும்மா."

"சூளையில தணலா இருந்த கிண்ணங்களை இடுக்கியால எடுத்து உமித் தொட்டியில வச்சேன். முதல்ல அவரோடது, அப்புறம் என்னோடது. ரெண்டும் முழுசாத்தான் போச்சு. மூடிட்டு கரி எடுக்கப் போனேன். நான் வர்றதுக்குள்ள புகை அடங்கிடுச்சுன்னு அவரோட மாப்பிள்ளை குகாதான் திறந்தாரு. நான் வந்ததும், 'இடுக்கியில இருந்து நழுவ விட்டிருக்கா, உமியில விழுந்தப்பவே ரெண்டா போயிருக்கு'ன்னு ஒரே கத்தல்."

"ஓடுகளை நீ பார்த்தியா?"

"எங்க விட்டாங்க! வாத்தியாரு வந்து பார்த்தாரு. உடனே துணியில சுத்தி உள்ள எடுத்துட்டுப் போயிட்டாரு."

உகாஜின் அவள் கிண்ணத்தைக் கவிழ்த்தார். வெள்ளை மெருகுப் பூச்சு முழுக்க மெல்லிய கறுப்பு வெடிப்புகள். மெருகு பூசாத அடிவட்டம் மட்டும் கரிக்கட்டையாக இருந்தது.

"இந்தக் கறுப்பு நீ தடவினதா?"

"இல்லீங்க ஐயா. உமி புகைஞ்சா மெருகில்லாத மண்ணெல்லாம் இப்படிக் கறுத்துடும்."

"சரி, கிளம்புங்க."

பட்டறையில் ஹாதோரி அவர்களைப் பாயில் உட்காரவைத்துத் தேநீர் ஊற்ற ஆரம்பித்தார். பக்கத்தில் குகா தலைகுனிந்திருந்தான்.

"தேநீர் கிடக்கட்டும், உடைஞ்ச ஓடுகளை எடுங்க!" என்றாள் தொமேகோ.

"உடைஞ்சு போனதைப் பார்த்து என்ன ஆகப்போகுது?"

உகாஜின் கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் துணி மூட்டை வந்தது. அவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உடைந்த விளிம்பு அரிசி மாவு போல வெளுத்திருந்தது.

"உமியில விழுந்தப்பவே உடைஞ்சிருந்தா இந்த விளிம்பும் புகையில கறுத்திருக்கணும். உடைஞ்ச இடத்துல மெருகா இருக்கு, கறுக்காம காப்பாத்த? அப்போ புகை அடங்கி, தொட்டியைத் திறந்தப்புறம்தான் உடைஞ்சிருக்கு. திறந்தது யாரு?"

குகா பாயைப் பார்த்தபடியே சொன்னான்: "சூடு ஆறல... கை சுட்டு நழுவிடுச்சு. பயந்துட்டேன்."

"பயந்தா ஒரு பொண்ணு தலையில பழியைத் தூக்கி வைப்பியா? வெக்கமா இல்ல உனக்கு?"

"அவரை விடுங்க தொமேகோ," என்றார் உகாஜின். அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் அவள் முதன்முதலில் கேட்டாள். "டிக்கெட் இல்லாதவனைப் பிடிச்சிட்டிருந்த எனக்கே தெரியுது. காலமெல்லாம் ராக்கு சுட்ட உங்களுக்குத் தெரியாதா வாத்தியாரே? உடைஞ்ச வருத்தத்துல நீங்க துணியைச் சுத்தல. இந்த விளிம்பு இவ கண்ணுல படக்கூடாதுன்னு சுத்தினீங்க."

ஹாதோரி கெட்டிலைக் கீழே வைத்தார். "வீட்டோட மாப்பிள்ளை. நாளைக்குப் பட்டறை இவன் கைக்குப் போகணும். பேரு கெட்டா..."

"இவளுக்குப் பேரு இல்லையா?" தொமேகோ கத்திய கத்தலில் காகிதக் கதவு அதிர்ந்தது.

ஹாதோரி நெற்றி பாயில் படக் குனிந்தார். "மன்னிச்சிடு சகியே. நாளைக்கே வேலைக்கு வந்துடு."

"வரமாட்டேன்." அவள் இப்போது அழவில்லை. "இங்க இருக்கிற ஒவ்வொரு சூளைக்காரருக்கும் என் முன்னாலயே போன் பண்ணுங்க. உடைச்சது யாரு, மறைச்சது யாருன்னு உங்க வாயால சொல்லுங்க."

ஹாதோரி மருமகனைப் பார்த்தார். அவன் நிமிரவில்லை. தொமேகோ ரிசீவரை எடுத்து அவர் கையில் திணித்தாள். முதல் எண்ணைச் சகியே தானே சுழற்றினாள்.