தரை சரிகிற பக்கம்

கூட வேலை பார்த்த செம்மலைக்கு முத்தரசு தரவேண்டிய பாக்கி இருபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய். இரண்டு வருடமாக அதை யாரும் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் ஆள் வராது என்றுதான் அவன் நினைத்திருந்தான், நேமத்தான்பட்டிப் பெரிய வீட்டின் பின்கட்டு ஹாலில், அணைந்து கிடந்த டி.வி.க்கு முன்னால், முக்காலியின் மேல் வைத்திருந்த கறுப்பு வீடியோ கேம் கன்ட்ரோலர் தானாக நடுங்குவதைப் பார்க்கும்வரை.

மல்லாந்து விழுந்த வண்டு பலகையில் சிறகடித்துப் புரள்கிற மாதிரி ஒரு சத்தம். சற்று நேரம் புரண்டது. நின்றது. மறுபடி புரண்டது. சித்திரை வெயிலுக்காகச் சன்னல்களை எல்லாம் சாத்தியிருந்ததால் உச்சிப்பொழுதிலேயே ஹாலுக்குள் அந்தி இறங்கியது போல இருந்தது. கதவிடுக்கு வழியாக ஒரு விரல் அகல வெளிச்சம் மட்டும் பூ வேலைப்பாட்டுக் கல் பதித்த தரையில் நீளமாகப் படுத்துக் கிடந்தது. காலையில் தேங்காயெண்ணெய் தொட்டு அவனே துடைத்த தரை. அந்த எண்ணெய் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை வந்தது. ஈரக் களிமண் வாடை. மழை பெய்து மூன்று மாதமாகிறது.

"முத்தரசண்ணே, அதைத் தொட்டீகளா?"

சுவரை விரலால் தடவிக்கொண்டே ஆதித்தன் வந்தான். வீட்டுக்குச் சொந்தக்காரன். நாற்பது வயதுகூட ஆகவில்லை. சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருந்தவனின் கண்களைச் சர்க்கரை வியாதி தின்றுவிட்டது. பூர்வீக வீட்டைச் சரிசெய்து வைத்திருக்கிறோமே, அங்கே போய் இருந்துகொள்ளலாம் என்று மாசியில்தான் வக்கீல் மனைவி சௌபர்ணிகாவோடு வந்து சேர்ந்தான்.

"இல்லை தம்பி. அதுவா ஆடுது."

"டி.வி. அமத்தித்தானே இருக்கு?"

"அமத்தித்தான் இருக்கு."

"அப்பச் சரி, நம்ம வீட்டுல பேய்தான் கோல்ஃப் ஆடுது." ஆதித்தன் சிரித்தான். "சௌபர்ணிகாகிட்டச் சொல்லிறாதீக. சிவகங்கைக் கோர்ட்டுல வாய்தா கேட்டு நொந்துபோயி வருவா. இதையும் கேட்டா அங்குட்டே ரூம் எடுத்துத் தங்கிருவா."

முத்தரசுவும் சிரித்து வைத்தான். வாய் சிரித்தது. கண் மட்டும் ஹாலின் இடது மூலையை விட்டு நகரவில்லை.

ஆதித்தன் நாள் முழுக்க ஆடுவது அந்த விளையாட்டைத்தான். பச்சைப் புல்வெளி, வெள்ளைப் பந்து, தூரத்தில் ஒரு குழி. எதுவும் அவனுக்குத் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை; எல்லாவற்றையும் கைப்பிடி சொல்லிவிடும். குழிக்கு நேராகத் திரும்பினால் நாடித்துடிப்பு மாதிரி மெல்ல அடிக்கும். கோணினால் நின்றுவிடும். அடிக்கக் கையை ஓங்குகையில் அதிர்வு ஏறிக்கொண்டே போய், போதும் என்கிற இடத்தில் சுருக்கென்று ஒரு குத்துக் குத்தும். குழிக்குப் பக்கத்தில் வந்ததும் தரையின் சரிவைச் சொல்லும்: இடது பிடி அதிர்ந்தால் தரை இடப்பக்கம் சரிகிறது, வலது பிடி அதிர்ந்தால் வலப்பக்கம். "கண்ணு இருக்கிறவன் பாத்து அடிக்கிறான், நான் கேட்டு அடிக்கிறேன், கையால கேட்டு" என்பான் ஆதித்தன்.

வந்த புதிதில் ஒருநாள் முத்தரசுவின் கையிலும் அதைத் திணித்தான். "புடிச்சுப் பாருங்கண்ணே. எப்படி அடிக்குது?"

ஒன்றும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. முப்பது வருடம் பிரேக்கர் பிடித்துப் பாறையும் காங்கிரீட்டும் உடைத்த கை அது. விரல்கள் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆகி, உணர்ச்சி போய், கொதிக்கிற டீ கிளாஸைச் சும்மா பிடிக்கும். "இது செத்த கை தம்பி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

போன வெள்ளிக்கிழமை தூசி துடைக்க அதை எடுத்தபோது, அந்தச் செத்த கைக்குள் ஏதோ தட்டியது.

மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு.

அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை.

"அண்ணே, ஒரு விசயம் கேக்கணும்." ஆதித்தன் கன்ட்ரோலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "நாலு நாளா இது கிறுக்குப் பண்ணுது. டி.வி.க்கு நேரா உக்காந்தா செத்துப்போன மாதிரி இருக்கு. இங்குட்டு, இடது மூலைக்குத் திரும்புனா அடிக்க ஆரம்பிக்குது. அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லையே தம்பி. வெறும் தரைதான்."

"வீடு வேலை பாத்தப்ப நீங்க இங்கதானே இருந்தீக? மேஸ்திரி பாண்டிமுருகன் சொன்னாரே."

"இருந்தேன்."

"இங்க ஒரு கிணறு இருந்துச்சுல்ல? சின்னப் பிள்ளையில எட்டிப் பாத்திருக்கேன். எந்த இடத்துல?"

ஆதித்தன் முகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்திருந்தான். பார்வையில்லாத கண்கள்தான். ஆனாலும் முத்தரசு குனிந்துகொண்டான்.

"சரியா ஞாபகம் இல்லை தம்பி."

ஞாபகம் இல்லாமலா. அதே மாதிரி ஓர் உச்சிப்பொழுது. அப்போது இது ஹால் இல்லை, திறந்த முற்றம். வற்றிப்போன கிணற்றை ஆழப்படுத்த, செம்புறாங்கல்லுக்கு அடியில் இருந்த பாறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்குவார்கள். கீழே பிரேக்கர் ஓடினால் கத்துவது மேலே கேட்காது. அதனால் கடப்பாரையால் பாறையில் தட்டித்தான் பேச்சு. இரண்டு தட்டினால் மெசினை நிறுத்து. மூன்று தட்டினால் என்னைத் தூக்கு. ஒரே தட்டு என்றால் என் முறை முடிந்தது, அடுத்த ஆள் இறங்கு.

அன்றைக்கு முறை முத்தரசுவுடையது. கயிற்றைக் கட்டப்போனவனின் விரல்களைச் செம்மலைதான் பிடித்துப் பார்த்தான்.

"என்னடா இது, பொணத்துக் கை மாதிரி இருக்கு? உக்காரு நிழல்ல. நான் இறங்குறேன். உன் முறையை நாளைக்குத் திருப்பிக் குடு."

"ஏற்கெனவே காசு பாக்கி, இப்ப இது வேறயா?"

"ஆமா. இதுக்கும் சேத்து வட்டி போட்டுக் கறந்துருவேன் பாரு." சட்டைப்பையைத் தட்டிக் காண்பித்துச் சிரித்துக்கொண்டே இறங்கினான். அந்தப் பையில், புகையிலை வாங்கிய பிளாஸ்டிக் உறைக்குள், கடன் காகிதம் இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்ற முத்தரசு, கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் காகிதம்.

கால் மணி நேரத்தில் பக்கச்சுவர் சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. பெருமூச்சு விட்ட மாதிரி. தூசி அடங்கியபோது கிணறு பாதிவரை நிரம்பியிருந்தது. மேஸ்திரி பாண்டிமுருகன் முகமெல்லாம் வேர்க்க, வாங்கிய வேலையும் போகும், எல்லோரும் கம்பி எண்ண வேண்டும் என்று புலம்பினான். பிறகு முத்தரசுவைச் சரிவில் இறக்கி, மண்ணைக் காட்டினான். "கையை வச்சுப் பாருண்ணே. அசைவு இருக்கா?"

முத்தரசு உள்ளங்கையை வைத்தான்.

மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

டீ கிளாஸின் சூடு தெரியாத அந்தக் கைக்கு அது தெரிந்தது. தெரிந்துகொண்டே, மண்ணுக்குள் இருக்கிற சட்டைப்பையும் அதற்குள் இருக்கிற காகிதமும் ஒரு கணம் நெஞ்சில் வந்துபோயின. ஒரே கணம்தான். "ஒண்ணும் தெரியலை" என்றான்.

கயிற்றையும் உள்ளே போட்டு, இரண்டு லாரி இடிசல் கொட்டினார்கள். இரண்டாவது லாரி கொட்டும்போதும் அவன் காலடியில் அந்தத் தட்டு வந்துகொண்டிருந்தது. அப்புறம் மேலே கூரை போட்டார்கள். தரை போட்டார்கள். முத்தரசுவுக்கு இந்த வீட்டிலேயே காவல் வேலை வாங்கிக் கொடுத்தான் பாண்டிமுருகன். செம்மலையின் மனைவி மலையம்மாளிடம், வேலை தேடி வடக்கே போனான் என்று சொல்லியாயிற்று. அவள் நான்கு தடவை வந்தாள். கடைசித் தடவை வாசலிலேயே நின்று சொன்னாள்: "காசை நான் கேக்கலண்ணே. அவுக எங்க இருக்காகன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

தலைக்கு மேல் மின்விசிறி தேய்ந்து தேய்ந்து நின்றது. கரண்ட் போய்விட்டது. டி.வி.யின் ஓரத்தில் எரிந்த சிவப்புப் புள்ளியும் அணைந்தது. கன்ட்ரோலர் மட்டும் ஆதித்தனின் மடியில் உறுமிக்கொண்டிருந்தது.

"கேட்டீகளா? இது பேட்டரிக் கோளாறு இல்லை. கீழே என்னமோ ஓடுது. கிணத்துல ஊத்து திரும்பிருச்சோ என்னமோ." ஆதித்தன் எழுந்தான். "இந்தாங்க, புடிங்க. முகப்புலதான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். வேற மேஸ்திரியை வரச்சொல்லி நாளைக்கே அந்த மூலையை உடைச்சுப் பாத்துருவோம்."

"வேணாம் தம்பி." முத்தரசு அதை இடது கையில் வாங்கிக்கொண்டான். "புதுத் தரை. உடைச்சா நல்லாருக்காது."

"பாக்குறது யாரு, நானா?" சிரித்துக்கொண்டே சுவரைத் தடவிப் போனான். அவன் காலடி நடு வளவு முற்றத்தைத் தாண்டி, கதவுகளைத் தாண்டி, தேய்ந்து மறைந்தது.

முத்தரசு தனியாக நின்றான். இடது கையில் கன்ட்ரோலர். பேட்டரியைக் கழற்றிவிடலாம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். திறக்க மூடியே இல்லை. கதவுப் பக்கம் நகர்ந்தான். அதிர்வு குறைந்தது. மூலைப் பக்கம் ஓரடி வைத்தான். ஏறியது. பின்னால் வந்தான். குறைந்தது. ஆதித்தன் குழியைத் தேடுகிற மாதிரியே அது அவனைக் கொண்டு எதையோ தேடியது. வெளியே கொண்டுபோய் எறிந்துவிடலாம். ஊருணியில் எறிந்துவிடலாம்.

விரல்கள் பிரியவில்லை.

பிரேக்கரை வெகுநேரம் பிடித்தால் இப்படித்தான் பூட்டிக்கொள்ளும். இன்னொரு கையால்தான் பிரித்தெடுக்கவேண்டும். பிரித்தான். முடியவில்லை. சுண்டுவிரல் ஒடிகிற மாதிரி வலித்தது.

வலித்தது.

பத்து வருடமாக வலிக்காத விரல். இப்போது எல்லாம் தெரிந்தது. பிளாஸ்டிக்கின் வழுவழுப்பு. தன் வேர்வை. நகக்கண்ணில் குளிர்ந்த சேறு. அவன் கையில் சேறு இல்லை. ஆனால் தெரிந்தது. யாருடைய கைக்கோ தெரிவதெல்லாம் அவன் கைக்குத் தெரிந்தது.

முக்காலியின் மேல் இருந்த எவர்சில்வர் தம்ளர் தானாகச் சாய்ந்தது. தரையில் விழுந்து கணீரென்றது. உருண்டது. அவனே மட்டப்பலகை வைத்துப் பார்த்துப் போட்ட தரை, நூல் பிசகாத தரை. தம்ளர் உருண்டது. வெளிச்சக் கோட்டைத் தாண்டி, இடது மூலைக்கு. சுவரில் மோதும் சத்தத்துக்காகக் காத்தான்.

சத்தம் வரவில்லை.

இடது பிடி மட்டும் அதிர்ந்தது.

இடப்பக்கம் சரிகிறது.

கால் வழுக்கியது. எண்ணெய்த் தரை. முழங்கால் இடிக்க விழுந்தான். வலது உள்ளங்கை ஊன்றிய இடம் மூலைக்கல். கல் ஈரமாக இருந்தது. கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. கல்லுக்கு அடியில், அவன் உள்ளங்கைக்கு நேராக, விரலுக்கு விரல் பொருந்தி, இன்னோர் உள்ளங்கை.

மூன்று தட்டு.

மூன்று தட்டு.

"அண்ணே!" கதவருகே ஆதித்தன். போய்விட்டு வந்துவிட்டான். "என்ன விழுந்துச்சு? எங்க இருக்கீக?"

கல்லில் நகம் கீறும் சத்தத்துக்கு ஆதித்தன் மூலைப் பக்கம் திரும்பினான்.

"மூலையிலயா? கையை வச்சுப் பாருங்கண்ணே. அசைவு இருக்கா?"

அதே கேள்வி. முத்தரசு வாயைத் திறந்தான். தொண்டைக்குள் மண் ருசித்தது.

"இருக்கு," என்றான். அழுகையாக வந்தது. "இருக்கு தம்பி. அன்னைக்கும் இருந்துச்சு."

கன்ட்ரோலர் நின்றது. விரல்கள் தானாகப் பிரிந்தன. அது தரையில் விழுந்து கிடந்தது.

"என்ன சொல்றீக? எனக்குப் புரியலையே. ஏன் நின்னுருச்சு?"

இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த நூலிழை இடுக்கு கசிந்தது. முதலில் சேற்றுத் தண்ணீர். பிறகு ஒரு பிளாஸ்டிக் உறையின் நுனி. நாக்கு நீட்டுவதுபோல மெல்ல, மெல்ல மேலே வந்து, வெளிச்சக் கோட்டின் ஓரத்தில் சாய்ந்தது. உள்ளே பழுத்த காகிதம். கோணல் எழுத்தில் அவன் பெயர். மேலே ரூ. 23,400. அந்த எண்ணின் குறுக்கே, உறைக்கு உள்பக்கம், நகத்தால் இழுத்த ஈரக் களிமண் கோடு ஒன்று. அடித்தாயிற்று. கடன் இல்லை.

முத்தரசு காத்திருந்தான்.

உள்ளங்கைக்குக் கீழே தட்டியது.

ஒரே ஒரு தட்டு. அடுத்த ஆள் இறங்கு.

மூலைக்கல் சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. "அண்ணே? அண்ணே?" என்று சுவரைத் தடவிக்கொண்டு ஆதித்தன் வந்துகொண்டிருந்தான். கறுத்த பொந்திலிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் மோதியது. அதன் பின்னால், சொட்டச் சொட்ட நனைந்த ஒரு கயிறு, தலையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி, தரைக்கு மேலே எழுந்து நின்றது. அதன் நுனியில் சுருக்கு ஏற்கெனவே போட்டிருந்தது. முத்தரசுவின் இடுப்பளவுக்கு.