யாரும் அழுத்தாத பொத்தான்

மாலை நாலேகால். கட்டுப்பாட்டு அறைத் திரையில் அதுவரை குஷியாக மேலே நடந்துகொண்டிருந்த பச்சைக் கோடு தலைகுப்புற விழுந்தது. ஒரே பாய்ச்சலில் அடியைத் தொட்டு, அங்கேயே படுத்துக்கொண்டது.

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். தொடரின் இயக்குநர் தலையில் கை வைத்தார். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒயர் (அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்) மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி பார்த்தார். சேனலின் நிகழ்ச்சித் தலைவர், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். எதைக் கொடுத்தாலும் வெட்டித்தான் திருப்பித் தருவார் என்பதால் அலுவலகம் முழுக்க அவருக்குக் கத்திரி என்று பெயர்.

நான்காவது ஆள் கோட்டைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிச் சன்னல் வழியாக, அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இயக்குநரின் அக்கா. குற்றப் பிரிவில் இன்ஸ்பெக்டர். அன்று லீவு.

"தம்பியோட சீரியலை ஓசியில் பார்க்கலாமே" என்று வந்தவர். தம்பிதான் காரில் அழைத்து வந்தான். (அவன் எவ்வளவு பெரிய இயக்குநராக இருந்தாலும் அக்காவுக்குத் தம்பி, நமக்கும் அப்படியே இருக்கட்டும்.) வழி முழுக்கச் சண்டை. முன்னால் ஒரு லாரி நின்றாலே அக்காவின் வலது கால் தரை விரிப்பை ஓங்கி மிதிக்கும். "அக்கா, அந்தப் பக்கம் பிரேக் இல்ல. காரை ஓட்டறது நான்" என்று அவன் கத்த, "நான் எங்கடா மிதிச்சேன்?" என்று இவர் எகிற, ஒருவழியாக உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

விஷயம் இதுதான். 'பனிக்கதவு' என்ற வீடியோ கேமை லட்சக்கணக்கானவர்கள் விளையாடியிருக்கிறார்கள். அதைத் தம்பி தொடராக எடுத்திருக்கிறான். மூன்று வருட உழைப்பு. நாளைக்கு முதல் பகுதி ஒளிபரப்பு. இன்றைக்குக் கேம் பைத்தியங்களாகப் பார்த்து நாற்பது பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். ஆளுக்கொரு கைக்கருவி. ரசிகர்கள் குஷியாகட்டும் என்று விளம்பரப் பிரிவுக்காரர்கள் அதை அச்சு அசல் கேம் விளையாடும் கன்ட்ரோலர் மாதிரியே வாங்கி வைத்திருந்தார்கள். வலது கட்டைவிரல் பொத்தான் 'பிடிச்சிருக்கு'. இடது 'பிடிக்கல'. வலதை அழுத்தினால் கோடு ஏறும், இடதை அழுத்தினால் இறங்கும்.

கோடு விழுந்த இடம்தான் தம்பிக்குப் பெரிய அடி. தபால்காரி ஒருத்தி பனிமலையைத் தாண்டிக் கடிதப் பை சுமந்து போகிறாள். உச்சியில் ஓர் இரும்புக் கதவு மேலிருந்து இறங்குகிறது. தோழி உள்ளே மாட்டிக்கொள்கிறாள். தபால்காரி தோள் கொடுத்து அந்தக் கதவைத் தாங்குகிறாள். மொத்தத் தொடரும் அந்தத் தோளின் மேல்தான் நிற்கிறது.

"வெட்டிடு" என்றார் கத்திரி. "அந்தக் காட்சி வேண்டாம்."

"சார், அதை வெட்டினா சீரியலுக்கு முதுகெலும்பே இல்ல சார்!"

"அப்ப சீரியலே வேண்டாம். ஜனங்க சொல்லிட்டாங்க, நான் என்ன பண்றது? ஆறு மணிக்கு எடிட்டிங்குக்குச் சொல்லி அனுப்பறேன். வெட்டறதா, மூட்டை கட்டறதான்னு அதுக்குள்ள முடிவு பண்ணு."

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அப்போதுதான் சன்னலைவிட்டுத் திரும்பினார்.

"சார், ஜனங்க என்ன சொன்னாங்கன்னு சொன்னீங்க?"

"பிடிக்கலன்னு சொல்லிட்டாங்க மேடம். இதோ கோடு."

"நான் ஆளைப் பார்த்தேன். பிடிக்காதவன் கொட்டாவி விடுவான், செல்போனை எடுப்பான், பக்கத்துல இருக்கறவன்கிட்ட கிசுகிசுப்பான். அந்த நேரத்துல ஒருத்தர்கூட அசையல. எனக்கு ஆறு மணி வரைக்கும் டைம் கொடுங்க."

"எடுத்துக்கோங்க. போலீஸ் கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா?" என்றார் கத்திரி.

முதல் விசாரணை ஒயரிடம்.

"கருவியில கோளாறா?"

"இல்ல மேடம். கையில கிடைச்சதையெல்லாம் டெஸ்ட் பண்ணிட்டேன். அமுக்கினா பதியுது, அமுக்காட்டி பதியல. என் வேலையில குத்தம் சொல்லாதீங்க."

"சொல்லல. அந்தக் காட்சியில என்ன பதிஞ்சிருக்கு?"

"இடது பட்டன். மழை கொட்டற மாதிரி. பிடிக்காதவன் ஒரு தடவை அமுக்குவான், கடுப்பானா ரெண்டு தடவை அமுக்குவான். இது விடாம மேடம், விடாம."

"எப்ப நின்னுது?"

"கதவு மேல போச்சு பாருங்க, அப்ப. எல்லாருக்கும் ஒரே நேரத்துல. குழாயை மூடின மாதிரி."

"எல்லாருமேவா அமுக்கினாங்க?"

"ரெண்டு பேர் இல்ல. முன் வரிசையில ஒரு சீட் எதையுமே தொடல. கடைசி வரிசையில ஒரு சீட், இடதுக்குப் பதிலா வலது பட்டனை அதே மாதிரி விடாம அமுக்கியிருக்கு."

"பாத்தியா? ஹால் முழுக்க உனக்கு ஒரே ஒரு ரசிகர்" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தார் கத்திரி.

படம் முடிந்து, அரங்குக்கு வெளியே டீயும் பிஸ்கட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பேச்சு காதைப் பிளந்தது. தபால்காரியின் மூக்கு கேமில் இருந்ததைவிட நீளம் என்று ஒரு கோஷ்டி, அந்த மூக்குக்காகவே பார்க்கலாம் என்று எதிர்க்கோஷ்டி. கடிதப் பையின் வார் இடது தோளில் இருக்க வேண்டும், வலது தோளில் மாட்டிவிட்டார்கள், இது மன்னிக்க முடியாத குற்றம் என்று ஒருவர் மேசையைத் தட்டினார். அக்காவுக்கு இதெல்லாம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. பாதிப் பேர் டீக் கோப்பையை வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தின் நடுவே தபால்காரியின் தொப்பியும் கோட்டுமாக நின்றவரைத் தம்பி காட்டினான். "அவன்தான்க்கா கமாண்டர். ரசிகர் மன்றத் தலைவன். போன வாரம் 'எங்க கேமைக் கொலை பண்ணப் போறாங்க'ன்னு எழுதினவன். எல்லாரையும் சேர்ந்து அமுக்கச் சொன்னது இவனாத்தான் இருக்கும்."

அக்கா நேரே போய் நின்றார்.

"கொலைன்னு எழுதினது நீங்கதானே?"

கமாண்டர் வெலவெலத்துப் போனார். "அது... பார்க்கறதுக்கு முன்னாடி மேடம். நம்ம பொருளை வேற ஆள் தொட்டா ஒரு பயம் வரும்ல?"

"பார்த்ததுக்கு அப்புறம்?"

"அந்தக் கதவு சீன்ல அழுதுட்டேன் மேடம். வெளிய சொல்லாதீங்க, மன்றத்துல மரியாதை போயிடும்."

"அழுதுக்கிட்டே ஏன் பிடிக்கலைன்னு அமுக்கினீங்க?"

"யாரு, நானா? என் பொண்டாட்டி மேல சத்தியமா அந்த சீன்ல நான் பட்டனைத் தொடவே இல்ல!"

"உங்க கருவியிலதான் அதிகமா பதிஞ்சிருக்கு."

"அப்ப மிஷின் பொய் சொல்லுது. நான் தொடலைன்னா தொடல." சொல்லிக்கொண்டே இடது கட்டைவிரலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"கதவு சீன்ல அப்படி என்ன இருக்கு?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! அந்தக் கதவுகிட்ட நான் எத்தனை தடவை செத்திருக்கேன் தெரியுமா? மூணு தடவை முரசு அடிக்கும். அப்புறம் சங்கு ஊதும். அதோட ஆரம்பம். ஒரு செகண்ட் அசந்தா போச்சு, கதவு விழுந்துடும், தோழி காலி."

பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் தலையைத் தூக்கினார். "ஆமாம்மா. ராத்திரி தூக்கத்துலகூட மாப்பிள்ளை 'விழுந்துடும், விழுந்துடும்'னு உளறுவாராம். என் பொண்ணு சொல்லி அழுவா."

"அத்தை!" என்று கெஞ்சினார் கமாண்டர்.

"நீங்க இந்த கேம் விளையாடுவீங்களா?" என்று மாமியாரைக் கேட்டார் அக்கா.

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? வீட்டுல புழுக்கம், இங்க ஏசி இருக்குன்னு கூட வந்தேன். கையில ஒண்ணைக் கொடுத்தாங்க, பையில போட்டுக்கிட்டேன்." பையிலிருந்து கைக்கருவியை எடுத்து நீட்டினார். "அந்தப் பொண்ணு பாவம், கதவைத் தூக்கறதுக்குள்ள எனக்கே தோள் வலிச்சுப் போச்சு."

கடைசி வரிசைக்காரர் ஒரு கல்லூரிப் பெண். பிஸ்கட்டையும் கோப்பையையும் இடது கையாலேயே சமாளித்துக்கொண்டிருந்தாள். உதறியது வலது கை.

"உனக்கு மட்டும் அந்த சீன் ரொம்பப் பிடிச்சுதாம்மா?"

"எல்லாருக்கும்தான் பிடிச்சுது மேடம். ஏன் என்னை மட்டும் கேக்கறீங்க?"

"இடது கைப் பழக்கமா?"

"ஆமா. எனக்கு உலகமே தலைகீழ். கத்தரிக்கோல்லேர்ந்து கேம் வரைக்கும் எதையும் மாத்தி வச்சாதான் கை வரும்."

அக்கா சட்டென்று சிரித்துவிட்டார். தம்பி அவர் முகத்தையே பார்த்தான். திருடன் தானாகவே ஸ்டேஷனுக்குள் நடந்து வந்தால் மட்டும் அக்கா இப்படிச் சிரிப்பார்.

"டேய், நீ இந்த கேமை விளையாடியிருக்கியா, இல்ல சும்மா கதையைக் கேட்டு எடுத்தியா?"

"என்னக்கா இப்படிக் கேக்கறே? எழுபது தடவை முடிச்சிருக்கேன். லேப்டாப்பைப் பாரு." கக்கத்தில் இடுக்கியிருந்த மடிக்கணினியைத் திறந்து காட்டினான். எல்லா விசைகளும் புதுசாக இருந்தன. அடியிலிருந்த நீளமான ஸ்பேஸ் விசை மட்டும் தேய்ந்து, நடுவில் குழி விழுந்து, வழவழவென்று மின்னியது.

"அதனாலதான் உனக்குத் தெரியல" என்றார் அக்கா. "எல்லாரையும் உள்ளே கூப்பிடு."

மணி ஐந்தரை. நாற்பது பேரும் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். கைக்கருவிகளிலிருந்து பாட்டரியைக் கழற்றச் சொன்னார் அக்கா. ஒயர் கழற்றி முடித்தார். கத்திரியை அழைத்துத் திரைக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி நிற்க வைத்தார்.

"சார், நீங்க இதுவரைக்கும் கோட்டைப் பார்த்தீங்க. இப்பக் கையைப் பாருங்க." கூட்டத்திடம் திரும்பினார். "படம் கிடையாது. சத்தம் மட்டும்தான். கருவியைச் சும்மா கையில பிடிச்சுக்கிட்டுக் கேளுங்க."

திரை இருட்டாகவே இருந்தது. முரசு அதிர்ந்தது. மறுபடியும். மறுபடியும். சங்கு ஊதியது.

முதலில் மூன்றாவது வரிசையில் ஒரு டக். பிறகு அங்கங்கே டக் டக். அடுத்த நொடி, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்தாற்போல அரங்கம் முழுக்கப் படபடவென்று ஒரே சத்தம். நிமிர்ந்த முதுகுகள், பிதுங்கிய கண்கள், துடிக்கும் இடது கட்டைவிரல்கள். தபால்காரி கத்துகிறாள், கதவு கிறீச்சிட்டு மேலே போகிறது. சத்தம் நின்றது. குழாயை மூடினாற்போல.

கமாண்டர் குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தார். "அடப்பாவி" என்றார், அந்த விரலிடம்.

"குற்றவாளி அதுதான்" என்றார் அக்கா. "உங்க எல்லாரோட இடது கட்டைவிரல். கேம்ல அந்தக் கதவைத் தாங்கணும்னா இடது பட்டனை விடாம அமுக்கணும். சரிதானே?"

"ஆமா!" என்று அரங்கமே கத்தியது.

"சங்கு ஊதினதும் நீங்க படம் பார்க்கறதை விட்டுட்டீங்க. கதவைத் தாங்கப் போயிட்டீங்க. கையில இருந்ததும் கன்ட்ரோலர் மாதிரியே இருந்துது, விரல் அது பாட்டுக்கு வேலையைப் பார்த்துது. அமுக்கினது உங்களுக்கே தெரியாது. அதனாலதான் யாரும் பொய் சொல்லல, மிஷினும் பொய் சொல்லல. விளையாடாத அம்மா எதையும் தொடல. பட்டனை மாத்தி வச்சு விளையாடற பொண்ணு வலதுல தாங்கினா. கதவு மேல போனதும் எல்லாரும் விட்டுட்டாங்க, ஏன்னா தோழி பிழைச்சுட்டா. இவன்" என்று தம்பியைக் காட்டினார், "கம்ப்யூட்டர்ல விளையாடினவன். இவனுக்குக் கதவுன்னா கீபோர்டுல இருக்கற அந்த நீள ஸ்பேஸ் பட்டன்தான். அதனாலதான் தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான்."

கத்திரி மோவாயைத் தடவினார். "தெரியாம விரல் அமுக்குமா மேடம்? நம்பற மாதிரி இல்லையே."

"சார் கார் ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேன்."

"வீட்டம்மா ஓட்டும்போது நீங்க பக்கத்துல உட்கார்ந்தா, உங்க வலது கால் என்ன பண்ணும்?"

கத்திரி குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். பிறகு தலைவர் பதவியை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "தினமும் திட்டு வாங்கறேன் மேடம், தினமும்!"

சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒயர், அந்தக் கதவு சீன் கோட்டைத் தலைகீழாத் திருப்பிப் போடுய்யா."

ஒயர் உள்ளே ஓடினார். பெரிய திரையில் கோடு வந்தது. நிதானமாக நடந்தது. முரசு அடித்த இடத்தில் நின்றது. சங்கு ஊதிய இடத்தில் கிளம்பியது பாருங்கள், ஏறி ஏறித் திரையின் உச்சியை முட்டி, அதற்கு மேல் போக இடமில்லாமல் ஒட்டிக்கொண்டது. கூட்டம் விசிலடித்தது. கமாண்டர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். அது மாமியார் தலையில் போய் உட்கார்ந்தது. அவர் அதைக் கழற்றவில்லை.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்ல" என்றார் கத்திரி. தம்பியின் தோளைத் தட்டினார். "ஒரு ஃப்ரேம்கூட வெட்ட மாட்டேன். வேற யாராவது வெட்ட வந்தா என்கிட்ட அனுப்பு."

தம்பி அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்கச் சின்னப் பிள்ளையாக விசும்பினான். "டேய், புடவை கசங்குதுடா" என்று அதட்டினாலும் அக்கா அவனை விலக்கவில்லை.

வீடு திரும்பும்போது அவன்தான் ஓட்டினான். ஒரு திருப்பத்தில் சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். அதே நொடியில் அக்காவின் கால் தரை விரிப்பில் ஓங்கி இறங்கியது. கார் நின்றது. சைக்கிள்காரர் முறைத்துவிட்டுப் போனார்.

அக்கா மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டு தம்பியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எடுக்காதேக்கா" என்றான் தம்பி. "வீடு வர்ற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே வா."