மேல் தாழ்ப்பாள்

வீட்டில் பல்லி இல்லை என்பதைக் குடிவந்த முதல் கிழமையே ஹுஸ்னியா கவனித்துவிட்டாள். கடற்கரை ஊரில் பல்லி இல்லாத வீடு என்று ஒன்று உண்டா? கின்னியாவில் வாடகைக்கு இருந்த வீட்டில் மின்குமிழைச் சுற்றி எந்நேரமும் நாலைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றுப் பானையைத் திறந்துவைக்கப் பயமாக இருக்கும். இங்கே சுவர்கள் துடைத்துவைத்த மாதிரிக் கிடந்தன. சீனிப் போத்தலை மூட மறந்த நாளிலும் ஓர் எறும்பு வரவில்லை. நல்லதுதானே, மருந்தடிக்கிற வேலை மிச்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அவளுடைய கண் ஒவ்வொரு நாளும் கூரையோரம் போய்த் தேடிவிட்டு வெறுமனே திரும்பி வந்தது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால், கப்பல் ஊதினால் யன்னல் கண்ணாடி அதிரும் ஓர் ஒழுங்கையில் அந்த வீடு இருந்தது. கணவன் சஜீத் டோஹாவில் வெயிலில் நின்று உழைத்ததும் அவள் கழுத்தில் கையில் கிடந்ததும் எல்லாம் இந்தச் சுவர்களுக்குள் போய்விட்டன. பிடிக்கவில்லை என்று எழும்பிப் போக இனி வேறு இடம் கிடையாது. அவளும் ஆறு வயது மகள் றஹ்மாவும்தான் இங்கே இருந்தார்கள். சஜீத் நோன்புப் பெருநாளைக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

விற்றவர் பற்றிக் என்ற வயதானவர். துறைமுக வேலைத்தளத்தில் இரும்பு வேலை செய்து இளைப்பாறியவர். மனைவி மாகிரட் காலமான பிறகு நீர்கொழும்பில் இருக்கும் மகளிடம் போகிறார். மனிதர் வீட்டுக்குச் செய்துவைத்திருந்த பாதுகாப்பைப் பார்த்து ஹுஸ்னியா முதல் நாள் வாய்விட்டுச் சிரித்தாள். நாலு கமராக்கள், ஒன்றுகூட வாசலைப் பார்க்கவில்லை. விறாந்தை, நடைவழி, குசினி, சாப்பாட்டறை என்று நாலும் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தன. கள்ளன் வீட்டுக்குள்ளேயே பிறந்து வளருவான் என்று நினைத்தாராக்கும். அவற்றின் படம் விழும் சின்னத் திரை படுக்கையறைச் சுவரில் இருந்தது. அந்த அறைக் கதவு அதைவிட வேடிக்கை. முன்வாசலுக்குச் சாதாரணப் பலகைக் கதவு போட்ட மனிதர், படுக்கையறைக் கதவுக்குக் கப்பல் தகடு அடித்து, உட்புறம் மூன்று தாழ்ப்பாள் வைத்திருந்தார். மேல் தாழ்ப்பாளைத் தொட ஹுஸ்னியாவே குதிக்காலை உயர்த்தவேண்டியிருந்தது. அது துருப்பிடித்து, இழுத்தால் பன்றிக்குட்டி மாதிரிக் கத்தும். யன்னலுக்கு விரல் நுழையாத இரும்பு வலை. கட்டில் தலைமாட்டில் ஒரு வளையம் தொங்கியது. அதை இழுத்தால் கூரையோரமாக ஓடிய கம்பி போய்க் குசினியின் பின்கதவைத் திறக்கும். விட்டால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அந்தப் பின்கதவுக்கு உள்ளே பூட்டும் இல்லை, கொண்டியும் இல்லை.

வீட்டுச் சாவிகள் கோத்த திறப்புக் கோர்வையைக் கையில் தரும்போது பற்றிக் கொஞ்சம் தயங்கினார். றஹ்மாவை ஒருதரம் பார்த்தார்.

"பிள்ளை, பொழுதுபடேக்குள்ள அந்தப் பின்கதவை ஒருக்காத் திறந்து விடுங்கோ. ஒவ்வொரு நாளும்."

அக்கம்பக்கத்து இந்து வீடுகளில் விளக்கு வைக்கிற நேரம் கதவைத் திறந்துவைப்பார்கள். இவரும் அவர்களோடு பழகி அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று ஹுஸ்னியா எண்ணினாள். மரியாதையாகச் சிரித்தாள்.

"நாங்க மக்ரிபுக்கு முன்னம் கதவு யன்னல் எல்லாம் சாத்துறனாங்க, அங்கிள். பிள்ளைகளையும் வெளியில விடமாட்டம். உம்மா காலத்திலயிருந்து அப்பிடித்தான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

றஹ்மா விளையாட்டுக்கு அந்த வளையத்தை இழுத்துக் குசினிக் கதவை ஆட்டிக்கொண்டேயிருந்ததால், ஒரு மேசனைப் பிடித்துக் கம்பியை அறுத்து எடுத்தாயிற்று. பின்கதவுக்குப் புதுக் கொண்டியும் ஆமைப்பூட்டும் போட்டு, புதுப் பச்சை மையும் பூசினாள். பின்னேரமானால் பிஸ்மி சொல்லி ஒவ்வொரு கதவாகச் சாத்துவாள். பூட்டு 'டக்' என்று விழும்போது நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வரும். வரவேண்டும். ஆனால் இந்த வீட்டில் அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு இருப்புக் கொள்ளாமல் போனது. கதவைச் சாத்திய பிறகு திரும்பவும் போய்ப் பார்ப்பாள். எதை மறந்தோம் என்று தெரியாது. ஏதோ ஒன்றை மறந்த மாதிரி உடம்பு மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டு சுஹைரா நல்ல மனுசி. ஒருநாள் வேலியால் எட்டிப்பார்த்து, மான் வரத் தொடங்கிவிட்டதே என்று சந்தோஷப்பட்டாள். இந்த ஊரில் மான் ஆடு மாதிரித் தெருவில் திரியும். மரக்கறித் தோல் போட்டால் வாசலுக்கே வந்து தின்னும். ஆனால் இந்த ஒழுங்கைக்கு மட்டும் ஒருநாளும் மான் வந்ததில்லையாம். நாய்கூடப் பொழுதுபட்டால் சந்தியோடு நின்றுவிடுமாம். நீங்கள் வந்த ராசி என்றாள் சுஹைரா. ஹுஸ்னியாவும் சிரித்தாள். அன்று முதல் பின்வளவில் இரண்டு மான்கள் வேலி முறிந்த இடத்தால் வந்து புல் மேய்ந்தன.

அந்தக் கிழமைதான் றஹ்மாவின் பூனைக்குட்டி காணாமல் போனது. கதவெல்லாம் சாத்தியபோது அது குசினியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. விடிந்து பார்த்தால் இல்லை. கதவுகள் பூட்டியபடி. யன்னல்கள் சாத்தியபடி. அலுமாரிக்கு மேல், கட்டிலுக்குக் கீழ், அரிசி வாளிக்குள்கூடத் தேடினாள். பால் கோப்பை மட்டும் கழுவிய மாதிரி நக்கிக் கிடந்தது. பிறகு ஒரு வாடை வரத் தொடங்கியது. கப்பல் அடியில் ஒட்டிய பாசியும் பழைய டீசலும் ஈரக் கயிறும் கலந்த வாடை. துறைமுகத்துக் காற்று என்றாள் தனக்கு. ஆனால் காற்று யன்னலைத் திறந்தால்தானே வரவேண்டும். இந்த வாடை யன்னலைச் சாத்தினால் வந்தது. ஒருநாள் குசினியில், மறுநாள் நடைவழியில், பிறகு சாப்பாட்டறைக் கதிரைகளுக்குக் கீழே. ஒரு மூலையில் இருந்து இன்னொரு மூலைக்கு அலைந்தது. திரையைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. நாலு சதுரம், நாலு வெறும் இடம். சஜீத்திடம் போனில் சொன்னபோது, தனிய இருந்தால் அப்படித்தான் என்று சமாதானம் சொன்னான். அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

அன்று பின்னேரம் பின்கதவைப் பூட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். புதுப் பச்சை மை உரிந்திருந்தது. கதவின் கீழ்ப்பாகத்தில், முழங்காலுக்கும் கீழே, பலகை தெரியுமட்டும் நீளநீளமாக. மை உரிந்த இடத்தில் அதற்குக் கீழேயும் கீறல்கள். பழையவை, பல தரம் மை பூசி மறைத்தவை.

எல்லாம் உட்புறம்.

பழக்கம் அவளை விடவில்லை. கை தானாகப் பூட்டைப் போட்டது. றஹ்மாவை இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்ப் பற்றிக்குக்குப் போன் எடுத்தாள். பிள்ளை கட்டிலில் இருந்து கொப்பியில் பூனைப் படம் கீறத் தொடங்கியது.

கமரா ஏன் உள்ளே பார்க்கிறது என்று கேட்டாள். அவர் திருப்பிக் கேட்டார்.

"பின்கதவு திறந்து விடுறீங்கள்தானே, பிள்ளை?"

இல்லை என்றாள். வந்த நாளிலிருந்து ஒருநாளும் இல்லை.

"ஐயோ, வீட்டுக்குள்ள இருக்கிற அது வெளியில போய்த்தான் சாப்பிடுறது." அவருடைய குரல் உடைந்தது. "விடியத் திரும்பி வரும். கண்ணுக்குத் தெரியாது, திரையில மட்டும் நிழல் மாதிரி ஒண்டு கதவால போறது தெரியும். போனாச் சரி. ஒருநாள் மாகிரட் மறந்து பூட்டிப்போட்டா. எங்கட சின்னவன் அவவின்ர மடியில இருந்தவன். அதுக்குப் பிறகுதான் பின்கதவுப் பூட்டைக் கழட்டிப்போட்டு, அந்த அறைக்கு இரும்பு அடிச்சனான்."

ஹுஸ்னியா எழுந்து றஹ்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்ல வந்ததாகவும் பிள்ளையைக் கண்டதும் நா எழவில்லை என்றும் அவர் சொன்னார். சொல்லிக்கொண்டே அழுதார். பிள்ளையை அறைக்குள் விட்டு உள்ளேயிருந்து பூட்டச் சொல்லுங்கள், நீங்கள் மட்டும் போய்க் கதவைத் திறவுங்கள், அதற்குச் சின்ன உயிர்தான் வேண்டும் என்றார். வெளியே பள்ளியில் மக்ரிப் பாங்கு தொடங்கியது.

கம்பி இருந்திருந்தால் இங்கிருந்தே இழுத்திருக்கலாம். வளையம் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை மட்டும் இருந்தது.

மகளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். உம்மா வெளியில் போனதும் கீழ்த் தாழ்ப்பாளையும் நடுத் தாழ்ப்பாளையும் போடவேண்டும். உம்மா கூப்பிட்டால் மட்டும் திறக்கவேண்டும். மேல் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாது, அது பரவாயில்லை. றஹ்மா தலையாட்டினாள். கதவு மூடியது. கீழ்த் தாழ்ப்பாள். நடுத் தாழ்ப்பாள். இரண்டும் விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஹுஸ்னியா அடியெடுத்து வைத்தாள்.

நடைவழி. இருட்டு இன்னும் முழுதாக இறங்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு போனாள். வாயில் ஓதல். சாப்பாட்டறை. கதிரைகளுக்குக் கீழே பார்க்கவில்லை. பார்க்க ஏலாது. குசினி. திறப்பு பூட்டுக்குள் போக மறுத்தது. ஒருதரம். இன்னொருதரம். போயிற்று. கதவை அகலத் தள்ளி, சுவரோடு ஒட்டி நின்றாள். போ. அல்லாஹ்வுக்காகப் போ.

பின்வளவில் இரண்டு மான்களும் தலைதூக்கி அவளைப் பார்த்தன.

ஒன்றும் போகவில்லை. காற்றுக்கூட அசையவில்லை. மான்கள் தலையைத் தாழ்த்தித் திரும்பவும் மேயத் தொடங்கின. ஓடவில்லை. பயப்படவில்லை. நிதானமாகப் புல்லைக் கடித்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குசினியில் காலையில் வதக்கிய வெங்காய வாசம் அடித்தது. வெங்காயம் மட்டும். பாசி இல்லை, டீசல் இல்லை. சாப்பாட்டறையிலும் இல்லை. நடைவழியிலும் இருக்கவில்லை.

ஓடினாள். கதிரை தட்டுப்பட்டு விழுந்தது. இரும்புக் கதவில் இரண்டு கையாலும் மோதினாள். கதவின் கீழ் இடைவெளியால் அந்த வாடை வந்துகொண்டிருந்தது.

"றஹ்மா. திரையைப் பாருங்க மகள். என்ன தெரியிது?"

"நீங்க மட்டும்தான் தெரியிறீங்க உம்மா."

"கதவைத் திறங்க. இப்பவே."

"எழும்ப ஏலாது உம்மா." பிள்ளையின் குரல் மெல்லமாக, நித்திரையில் இருக்கும் ஒன்றை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல வந்தது. "என்ட மடியில தலை வச்சிரிக்கி. நல்ல பாரம்."

ஹுஸ்னியா இரும்பை நகத்தால் கீறினாள். முழங்காலால் உதைத்தாள். கத்தினாள். தகடு அசையவில்லை, பற்றிக் நல்ல வேலைக்காரர்.

உள்ளே, அவளுடைய தலைக்கும் மேலே, பன்றிக்குட்டி மாதிரிக் கத்திக்கொண்டு மேல் தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்து விழுந்தது.