அடுப்பில் எரிந்த எல்லை

சொந்த மண்ணில் முதல் கோடை எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும், கெசியாவுக்கு முதலில் நினைவுக்கு வருவது வாசல் கூட்டிய புழுதியின் வாசனைதான்.

அப்போது அவளுக்குப் பத்து வயது. அவள் அம்மா டெல்ஃபி அடிமையாக இருந்தவரை முதலாளி வீட்டு வாசலை முதுகு ஒடியக் கூட்டியவள். அமெரிக்காவில் அடிமைகளுக்கு விடுதலை வந்ததும் ஏழு வருஷம் ஊரார் துணியைத் துவைத்து, டெக்சாஸில் ஊற்றோடு ஒரு துண்டு நிலம் வாங்கினாள். அவர்கள் அடிமையாக இருந்த பழைய தோட்டத்திலிருந்து இன்னும் ஆறு குடும்பங்கள் அங்கே குடிவரக் காத்திருந்தன.

"தண்ணி மட்டும் நம்ம கையில இருக்கட்டும். ஊரையே உண்டாக்கிடலாம்" என்பாள் அம்மா.

புல் இருந்தால் பாம்பு வரும். அதனால் அவர்கள் வீட்டு வாசல் எப்போதும் வெறும் மண்ணாக மின்ன வேண்டும். கெசியா நாலு நாள் கூட்டினாள். ஊற்றையும் தாண்டிக் கூட்டினாள். சொந்த நிலமாயிற்றே, நிறுத்த மனம் வரவில்லை.

வியாழக்கிழமை நில அளவைக்காரர் வந்தார். கூடவே பக்கத்துப் பண்ணைக்காரன் ராலின்ஸ்.

"மூலையில நான் அடிச்ச முளைக்குச்சி எங்கம்மா?" என்றார் அளவைக்காரர். "அது இல்லாம பத்திரத்துல எல்லையை எழுத முடியாது. மறுபடி அளக்கணும்னா அடுத்த மாசம்தான் வருவேன்."

"நல்லதாப் போச்சு. அதுவரைக்கும் ஊத்தையும் சேர்த்து என் வேலியைப் போட்டுக்கறேன்" என்றான் ராலின்ஸ்.

போட்ட வேலியை அவன் பிறகு எடுப்பானா? வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் கெசியா சொன்னாள்.

"நான்தான்மா பிடுங்கினேன். கூட்டறதுக்கு இடைஞ்சலா இருந்துச்சு. அடுப்புல வச்சுட்டேன்."

"அடிப்பாவி! நம்ம எல்லையை எரிச்சா ரொட்டி சுட்டுத் தின்னோம்?"

ராலின்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். கெசியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாடுபட்டு வாங்கியதை இவன் சிரித்தே பிடுங்குவதா? குச்சிதானே எரிந்தது? குழி எரியாதே!

வாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள். மூலைப் பக்கம் எல்லா இடமும் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தது. தண்ணீரை ஊற்றினாள். அது கெட்டி மண்ணில் வழிந்து ஓடியது. இன்னொரு வாளி. இன்னொன்று.

"ஏய், மண்ணைக் குளிப்பாட்டறியா?" என்றான் ராலின்ஸ்.

நாலாவது வாளியில், ஓரிடத்தில் மண் உள்வாங்கி, 'களக்' என்று தண்ணீரை விழுங்கியது. பின்னாளில் அங்கே ஏழு வீடும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் வந்த பிறகும், அந்தச் சத்தத்தை நினைத்தால் கெசியாவுக்குச் சிரிப்பு வரும்.

அளவைக்காரர் மண்டியிட்டு விரலை விட்டார். சதுரக் குழி. விரல் நுனி கறுப்பாக வெளியே வந்தது.

"முளை மக்கினாலும் கரி மக்காது. அதான் எப்பவும் அடியில கரி போட்டு வைப்பேன். இதுதான் மூலை."

ராலின்ஸ் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு நடையைக் கட்டினான்.

அளவைக்காரர் புது முளையை நட்டுப் பிடித்தார். அம்மா சுத்தியலைக் கெசியாவிடம் நீட்டினாள்.

"நீயே அடி. நல்லா ஆழமா அடிடி. உன் கைக்கே வரக்கூடாது!"