வழியில் இருக்கிறார்

புருல் அம்மாளின் மகனைப் பற்றி ரஷ்ய மொழிப் பக்கம் ஒன்று சொன்னது. கிர்கிஸ் மொழிப் பக்கம் வேறொன்று சொன்னது.

ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்த் தகவல் அற்றுப்போனவர்களைத் தேடும் இணையதளம் அது. அதன் மொழிபெயர்ப்புக் கோளாறுகளைச் சரிசெய்வது ஜிபேக்கின் வேலை. கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில், ஐந்தாம் மாடி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து செய்வாள். பிற்பகல்தான், ஆனால் நிலக்கரிப் புகை ஜன்னலில் அப்பிக்கொண்டு விளக்கைப் போட வைத்திருந்தது. வெந்நீர்க் குழாய் சுவரோரம் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் செருமிவிட்டு அடங்கியது. ஆணியில், துணிப்பையில், ஒரு ரொட்டி தொங்கியது. அவள் கணவன் தாலாய் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் புறப்பட்ட அன்று ஒரு கடி கடித்துவிட்டுப் போனது. மிச்சத்தை அவன் திரும்பி வந்துதான் தின்ன வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. ரொட்டி காய்ந்து கல்லாகிவிட்டது. பல் பதிந்த இடம் மட்டும் நேற்றுக் கடித்ததுபோல் இருந்தது.

அவள் புருல் அம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, உங்க மருமகன் புகார் அனுப்பியிருக்காரு. ரஷ்யப் பக்கத்துல வேற மாதிரி காட்டுதாம்."

"அவனுக்கு நாலு எழுத்து ரஷ்யன் தெரியும்னு தலைக்கனம். நான் நம்ம பாஷையிலதான் பாக்குறேன். 'வழியில் இருக்கிறார்'னு போட்டிருக்கு. சரியாத்தான் போட்டிருக்கு. புள்ள வந்துட்டானே!"

"வந்துட்டாரா?"

"வாசல்ல நிக்கிறான். உள்ள வாடான்னா வரமாட்டேங்குறான். பூட்ஸ்ல ஒட்டின பனிகூட உருகல." கிழவியின் குரல் தாழ்ந்தது. "கண்ணக் கொட்டவே இல்ல மகளே."

ஜிபேக் போனை வைத்துவிட்டு ரஷ்யப் பக்கத்தைத் திறந்தாள். அவன் பெயருக்கு நேரே ஒரே சொல். இறந்துவிட்டார். கிர்கிஸ் சொற்பட்டியலில் அந்தச் சொல்லுக்கான இடம் காலியாக இருந்தது. காலியாக இருந்தால் அதற்கு மேல் வரியில் உள்ளதைக் காட்டும்படி தளத்தை அமைத்திருந்தார்கள். மேல் வரியில் இருந்தது, வழியில் இருக்கிறார்.

மொழிபெயர்த்தவர் சாகின். அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு சொல் விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல. நான்தான் விட்டேன். செத்துட்டான்னு பெத்தவகிட்ட நேராச் சொல்ற பழக்கம் நம்மகிட்ட உண்டா? பெரியவங்க நாலு பேர் போயி, பருந்து பறந்துபோச்சு, மலை சாஞ்சுபோச்சுன்னு சுத்திச் சுத்திச் சொல்லணும். கடைசில அவளாப் புரிஞ்சுக்கணும். உன் கம்ப்யூட்டருக்குள்ள நாலு பெரியவங்க இருந்தாச் சொல்லு, எழுதித் தரேன்."

"அந்த இடத்துல, வழியில இருக்காங்கன்னு காட்டிட்டு இருந்திருக்கு அண்ணே. எல்லாருக்கும்."



"ஜிபேக்... உன் வீட்டுக்காரன் பக்கம்?"

அவள் துண்டித்தாள். தினமும் காலையில் தேநீர் ஊற்றுமுன் தாலாயின் பக்கத்தைப் பார்ப்பாள். கிர்கிஸில் மட்டும். ரஷ்யன் அவளுக்கு நன்றாகத் தெரியும். ரஷ்யப் பக்கத்துக்கு மாற்றும் பொத்தானை ஏனோ ஒருநாளும் அழுத்தியதில்லை. இப்போது அழுத்தினாள்.

அதே சொல்.

அழுகை வரவில்லை. ஒரு வாடைதான் வந்தது. நிலக்கரிப் புகைக்கு அடியில், குளிர்ந்து, ஈரமாக, புதிதாய்க் குழைத்த சிமெண்ட் வாடை. கீழே படிக்கட்டில் ஏதோ கனமாக உராய்ந்தது. ஒரு படி. நின்றது. இன்னொரு படி. மூட்டை சுமப்பவன் ஏறுவதுபோல்.

கிர்கிஸ் சொற்பட்டியலின் காலி இடத்தில் அந்தச் சொல்லை அடித்தாள். சேமிக்க வேண்டியதுதான் பாக்கி. சேமித்தால் புருல் அம்மாளின் வாசல் காலியாகும். கிழவி ஒப்பாரி வைப்பாள். ஆனால் அவள் மகன் மண்ணுக்குள் போய்ப் படுப்பான். எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரே சொல். தாலாய்க்கென்று தனியாக ஒன்று கிடையாது.

மூன்றாம் மாடி.

விரல் பொத்தானில் இருந்தது.

நான்காம் மாடி.

"தாலாய்," என்றாள். இத்தனை மாதமாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை.

உராய்வு கதவருகே நின்றது. தட்டவில்லை. மூச்சும் இல்லை.

ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். இடம் மறுபடி காலியாயிற்று. அதைச் சேமித்தாள்.

ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

அவன்தான். சாம்பல் நிறம். இமைக்காத கண்கள். ரொட்டியைப் பார்த்ததும் வாயைத் திறந்தான். வாய் முழுக்க இறுகிய சிமெண்ட்.

பல் பதிந்த பக்கத்தை அவன் உதட்டில் வைத்து அழுத்தினாள். உள்ளே போகவில்லை.

"சாப்பிடுய்யா," என்றாள். "கொஞ்சமாச்சும் சாப்பிடு."

மறுபடி அழுத்தினாள். ரொட்டி பொடிப்பொடியாக வாசலில் உதிர்ந்தது.