மறுபடி முளைத்த முகடுகள்

காலை பத்தரை மணி. எக்ஸ்ரே கருவி தந்த வரைபடத்தைப் பார்த்ததும் ஆய்வு மாணவியின் முகம் வெளிறியது.

ஆற்றோரக் களிமண்ணை உலையில் சுட்டு, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அவள் செய்த ஜியோலைட் அது. சல்லடைபோல் நுண்துளைகள் நிறைந்த தூள். நாளை தேர்வாளர் முன் வைக்கவேண்டியது. வரைபடத்தில் எழுந்த முகடுகளோ, குப்பியில் இருப்பது வெறும் சுடாத பச்சைக் களிமண் என்றன.

ஆய்வுக்கூட இயக்குநர் இழுத்தடிக்கவில்லை. "அப்ப முன்னாடி காட்டின ரிசல்ட் பொய். நாளைக்குத் தேர்வு கிடையாது. நீ வீட்டுக்குப் போகலாம்."

அவளுடைய பேராசிரியைக்கு ஏதோ நெருடியது. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் மோப்பம் மேடம். முதலில் ஸ்டோர் கீப்பரைப் பிடித்தார்.

"குப்பியைத் தொட்டீங்களா?"

"தூசி தட்டினேன். திறக்கல. திறந்து டீயில போட்டுக் குடிக்கவா மேடம்?"

"அலமாரி சாவி வேற யார்கிட்ட?"

"உங்க மூத்த சீடப்பிள்ளைகிட்ட."

மூத்த மாணவன் அலட்டிக்கொள்ளவில்லை. "வேதிவினை நடக்கல மேடம். களிமண் களிமண்ணாவே நின்னுடுச்சு. பாவம்."

"நீ பண்ற ஜியோலைட் என்னாச்சு?"

"அருமையா வந்திருக்கு." தன் வரைபடத்தை நீட்டினான். "கடையில வாங்கின கழுவின களிமண். சுத்தமோ சுத்தம்."

பேராசிரியை அதை நெடுநேரம் பார்த்தார்.

"கதவைச் சாத்து. உலையில சுட்டா களிமண்ணோட படிகக் கட்டு உடைஞ்சுடும். வினை நடக்கலைன்னாலும் பச்சை மண்ணோட முகடு வரைபடத்துல திரும்பி வராது. அவளோடதுல வந்திருக்கு. யாரோ தூளை எடுத்துட்டு, சுடாத மண்ணைக் கொட்டியிருக்காங்க."

"ஸ்டோர்காரர்தான்..."

"இரு. உன் வரைபடத்துல ஓரமா இந்தக் குட்டி முகடு என்ன?"

"ஏதோ அழுக்கு மேடம்."

"மணல். காஸ்டிக் சோடாவுல வெந்தாலும் லேசுல கரையாது. கழுவின களிமண்ணுல மணல் ஏதுப்பா? ஆற்றோர மண்ணுலதான் இருக்கும். அவ தூளைக் கருவியில உன் பேர்ல ஓட்டியிருக்கே."

அவன் தலை தொங்கியது. "என்னோடது மூணு தடவை பாழாப்போச்சு மேடம்." மேசை இழுப்பறையிலிருந்து அவள் தூள் இருந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான்.

வெளியே நின்றிருந்த மாணவி அதைப் பேராசிரியையிடமிருந்து வாங்கினாள். கருவி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

பேராசிரியை இயக்குநரை அழைத்துவந்து கதவைத் தட்டினார்.

"நான்தாம்மா."

"தெரியும் மேடம்," என்றது உள்ளிருந்து குரல். "ஜியோலைட் முகடு எல்லாம் வந்துடுச்சு. பிரிண்ட் கையில வர்ற வரைக்கும் யாருக்கும் திறக்கமாட்டேன்."